மஞ்சக்கடுதாசி மன்னர்

உலகத்திலேயே பெரிய வெள்ளிச் சுரங்கத்தைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் எத்தனை முறை திவாலாக முடியும்? ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் சாதனை நான்கு. 1557, 1560, 1575, 1596. பட்டத்துக்கு வந்தது 1556-இல். சிம்மாசனம் சூடேறும் முன்பே முதல் மஞ்சக்கடுதாசி! நான்காவதைக் கொடுத்த இரண்டே வருடத்தில் கண்ணை மூடிவிட்டார். இல்லாவிட்டால் ஐந்தாவதும் வந்திருக்கும்.

இத்தனைக்கும் மனிதர் குடித்துக் கூத்தடித்தவர் இல்லை. கறுப்பு உடையும் கடுகடு முகமுமாக ராப்பகலாக ஃபைல் பார்த்த குமாஸ்தா ராஜா. ஒவ்வொரு காகிதத்தின் ஓரத்திலும் குறிப்பு எழுதாவிட்டால் தூக்கம் வராது. கடன், வட்டிக் கணக்கு மட்டும் கடைசிவரை தலையில் ஏறவில்லை. அதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1545-இல், இன்றைய பொலிவியாவில், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொட்டோசி மலையில் வெள்ளி அகப்பட்டது. மூச்சு விடவே திணறும் ஊர். அங்கே எவன் வெட்டினாலும் ஐந்தில் ஒரு பங்கு மன்னருக்கு. கையை நீட்டினால் போதும்.

பிலிப் நீட்டினார். வந்ததையெல்லாம் சண்டையில் போட்டார். துருக்கியரோடு ஒன்று, டச்சுக்காரரோடு ஒன்று, 1588-இல் இங்கிலாந்து மேல் ஏவிய மாபெரும் கப்பல் படை ஒன்று. அடுத்த வருட வெள்ளியைக் காட்டி இந்த வருடமே ஜெனோவா நகரத்து பாங்கர்களிடம் கடன். 1575-இல் 'கையில் காசில்லை' என்று அறிவித்ததும், நெதர்லாந்தில் சம்பள பாக்கியோடு நின்ற அவருடைய சிப்பாய்கள் மறுவருடம் ஆன்ட்வெர்ப் நகரத்துக்குள் புகுந்து, பாக்கியை நேரடியாக வசூலித்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தார்கள். அதோடு, ஐரோப்பாவின் பெரிய சந்தைகளில் ஒன்று நாசமானது.

ஸ்பெயினுக்குள்ளோ விலைவாசி எகிறியது. பணம் பெருகினால் அதன் மதிப்பு குறையும் என்று அஸ்பில்குவேத்தா என்ற பாதிரியார் 1556-லேயே எழுதிவிட்டார். பாதிரியார் பாவமன்னிப்பைப் பார்க்காமல் பாலிசி பேசினால் யார் கேட்பார்கள்? 1934-இல் ஏர்ல் ஹாமில்டன் என்ற அமெரிக்கர், ஸ்பெயினின் பழைய ஆஸ்பத்திரி, மடாலயக் கணக்கு நோட்டுகளைத் தூசு தட்டி, ஒரே நூற்றாண்டில் விலைகள் ஏறத்தாழ நான்கு மடங்கானதைக் காட்டினார். காரணம் வெள்ளிதான் என்றார். ஜனத்தொகை பெருக்கமும் சேர்த்தி என்றார்கள் பின்னால் வந்தவர்கள். இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஒத்துப்போனால், ஒருவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம்.

சரி, கடன் கொடுத்த ஜெனோவாக்காரர்கள் நாமம் போட்டுக்கொண்டு போனார்களா? அப்படித்தான் ரொம்ப நாள் பரிதாபப்பட்டோம். மாரிசியோ டிரெலிக்மன், ஹான்ஸ்-யோவாக்கிம் ஃபோட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய கடன் பத்திரங்களை வரிவரியாகப் படித்து 2014-இல் ஒரு புத்தகம் போட்டார்கள். பெரும்பாலான பாங்கர் குடும்பங்கள் லாபத்தில்தான் இருந்தனவாம்! நல்ல வருடத்தில் வாங்கிய கொழுத்த வட்டி, கெட்ட வருடத்துத் தள்ளுபடியை ஈடுகட்டிவிட்டது. வெள்ளிக் கப்பல் சில வருடம் வராமல் போகலாம் என்பது இரு தரப்புக்கும் முன்பே தெரியும். அதனால்தான் ஒவ்வொரு திவாலுக்குப் பிறகும் அதே ஆட்கள் வெட்கமே இல்லாமல் திரும்பி வந்தார்கள். இன்றைக்குக் கடனில் முழுகும் நாட்டுக்கும் இதே வைத்தியம்தான்: வட்டியைக் கூட்டு, பிறகு கொஞ்சம் தள்ளு, மறுபடி கொடு.

இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் இப்படி மலை எதுவும் அகப்படவில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. 2024-இல் நோபல் வாங்கிய அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் சொல்வது இது: அட்லாண்டிக் வியாபாரத்தின் காசு அங்கே வியாபாரிகள் மடியில் விழுந்தது. மடி கனத்ததும் அவர்கள் அரசனின் கையைக் கட்டினார்கள். ஸ்பெயினிலோ காசும் கடிவாளமும் ஒரே கையில்.

அப்படியானால் பில்லைக் கட்டியது யார்? 1573-இல் பெருவில் பிலிப்பின் வைஸ்ராயாக இருந்த டொலேடோ ஒரு சட்டம் போட்டார். பெருவிலும் பொலிவியாவிலும் இருநூறுக்கு மேற்பட்ட ஊர்கள், ஏழு ஆண்களுக்கு ஒருவரைப் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கோ ஹுவான்காவெலிகா பாதரசச் சுரங்கத்துக்கோ அனுப்பியே ஆகவேண்டும். 'மீதா' என்ற இந்தக் கட்டாய வேலை 1812 வரை ஓடியது. அந்தப் பழைய எல்லைக்கோட்டைத் தேடிப் பிடித்து, கோட்டுக்கு இந்தப் பக்க ஊரையும் அந்தப் பக்க ஊரையும் ஒப்பிட்டார் மெலிசா டெல். 2010-இல் வெளியான அவரது ஆய்வின்படி, மீதா ஊர்களில் இன்றும் குடும்பச் செலவு சுமார் 25 சதவீதம் குறைவு. வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அதிகம், ரோடு குறைவு. வேடிக்கை என்னவென்றால், மீதா கோட்டுக்கு வெளியே இருந்தவர்கள் தர்மவான்கள் அல்ல, பண்ணையார்கள். ஆனாலும் தன் விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக, செல்வாக்கைக் காட்டி ரோடு போட வைத்தார் பண்ணையார். மீதா ஊர்களில் ஆளைப் பிடிக்கும் வேலைக்குப் போட்டி வரக்கூடாது என்று அரசாங்கமே பண்ணையாரைத் தள்ளி வைத்திருந்தது. அதனால் ரோடு கேட்க அங்கே நாதியில்லை.

பிலிப்பின் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் கணக்கை முடித்துக்கொண்டார்கள். போடாதவர்களின் பேரப்பிள்ளைகள் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, அடுத்த முறை எந்த நாட்டு அமைச்சராவது 'எண்ணெய் கிடைத்துவிட்டது, இனி நமக்குப் பொற்காலம்' என்று மைக்கைப் பிடித்தால் கை தட்டுமுன் ஒன்று கேளுங்கள்: ரோடு கிணற்றிலிருந்து துறைமுகத்துக்கு மட்டும்தானா, ஊருக்குள்ளும் வருமா?