பீட்டர் பானின் பால்பற்கள்: ஒரு கால ஆராய்ச்சி

முன்கதைக்கு இலக்கணம் ஒன்றுதான்: மூலக்கதைக்கு முன்னால் அது நடந்திருக்க வேண்டும். நடிப்பு, பாட்டு, சண்டையெல்லாம் அதற்கப்புறம். ஜோ ரைட் இயக்கி 2015இல் வெளிவந்த 'பான்', பீட்டர் பானின் முன்கதை என்று சொல்லித்தான் திரைக்கு வந்தது. சுமார் 15 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகமெங்கும் ஓடியும் 13 கோடியைத் தொடவில்லை. கணினி வித்தை மிகுந்துவிட்டது, திரைக்கதை தள்ளாடுகிறது என்று சொல்வதெல்லாம் நோயின் அறிகுறியைச் சொல்வது. அது முன்கதையே அல்ல என்பது இக்கட்டுரையின் துணிபு.

புறச்சான்றிலிருந்து தொடங்குவோம். மூலக்கதையான ஜேம்ஸ் பேரியின் நாடகம் லண்டனில் அரங்கேறியது 1904 டிசம்பரில். ஆகவே பீட்டர், கடற்கொள்ளைத் தலைவன் ஹூக்கோடு மோதி முடித்த காலத்துக்கு மேல் எல்லை 1904. அதற்குப் பிந்தி அந்தச் சண்டையைத் தள்ள வழியில்லை. படத்திலோ பீட்டர் அநாதை இல்லத்தில் இருக்கும்போது லண்டன்மீது ஜெர்மானியர் குண்டு வீசுகிறார்கள்; பறக்கும் கடற்கொள்ளைக் கப்பலை பிரிட்டிஷ் போர் விமானங்கள் துரத்திச் சுடுகின்றன. அது 1940ஐ ஒட்டிய காலம். அதாவது முன்கதை, மூலக்கதைக்கு முப்பத்தைந்து ஆண்டுகளேனும் கழித்து நடக்கிறது. பீட்டர் வாழும் மாயத்தீவான நெவர்லாந்தில் காலமே கிடையாதே என்பார்கள். நெவர்லாந்தில் இல்லாமலிருக்கலாம், லண்டனில் உண்டு. படத்தில் நெவர்லாந்துச் சுரங்கத்தில் வேலை செய்யும் சிறுவர்கள் கூட்டமாகப் பாடுவது நிர்வாணா குழு 1991இல் வெளியிட்ட பாட்டு. அதை இடைச்செருகல் என்று ஒதுக்கிவிட்டேன். அதையும் சான்றாகக் கொண்டால் படத்தின் காலம் இன்னும் ஐம்பது ஆண்டு கீழே இறங்கும்.

அகச்சான்று இதைவிட வலுவானது. அது பீட்டரின் வாய்க்குள்ளேயே இருக்கிறது. 1911இல் வெளிவந்த நாவலில் பேரி தெளிவாகச் சொல்கிறார்: அவனுக்கு ஒரு பால்பல்லும் விழவில்லை. பால்பற்கள் ஆறு வயதுவாக்கில் ஆடத் தொடங்கும். பன்னிரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாம் விழுந்து முளைத்திருக்கும். படத்தின் பீட்டருக்கோ வயது பன்னிரண்டு. அவன் சிரிக்கும்போது தெரிவது கெட்டியான நிரந்தரப் பல்வரிசை. என்றைக்கும் வளராத பையன் ஒருவன் முன்கதையில் மூத்தவனாகவும் பின்கதையில் இளையவனாகவும் இருப்பது எப்படி? விழுந்த பல் மறுபடி பால்பல்லாக முளைத்ததாக எந்தப் பல் மருத்துவ நூலும் சொல்லவில்லை. நடிகனின் பல்லைப் பார்த்தா படத்தை எடைபோடுவது என்று கேட்பவர்களுக்கு: பேரி அந்தப் பற்களை அழகுக்காக வைக்கவில்லை. வளர மறுத்ததற்கு உடம்பில் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான். அவருடைய பீட்டர், தான் பெரியவனானால் என்னவாக வேண்டும் என்று பெற்றோர் பேசியதைக் கேட்டு, பிறந்த அன்றே ஓடிப்போனவன். படத்துப் பையனைத் தாய் அநாதை இல்லத்து வாசலில் விட்டுப் போகிறாள். அவனுக்குத் தீர்க்கதரிசனமும் ராஜ ரத்தமும் வேறு. ஓடிப்போனவனும் விடப்பட்டவனும் ஒருவராக முடியாது. படம் சலிப்பதற்கு வேர் இங்கேதான்: தன் விருப்பத்தில் சிறுவனாக நின்றவனிடமிருந்து அந்த விருப்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

படத்தில் வில்லனாக வரும் கருந்தாடி என்ற கடற்கொள்ளையனுக்கு மூலத்தில் ஆதாரம் உண்டே என்று ஒரு தடை எழலாம். உண்டு. ஹூக் கருந்தாடியின் கப்பலில் வேலை பார்த்தவன் என்று நாவலே சொல்கிறது. ஆனால் அதே நாவல் ஹூக்கின் கையை வெட்டி முதலைக்குப் போட்டவன் பீட்டர் என்றும் சொல்கிறது. முன்கதை என்றால் பார்க்கிறவன் கேட்கும் முதல் கேள்வி அந்தக் கை எப்படிப் போயிற்று என்பதுதான். படம் முடியும்போது ஹூக்குக்கு இரண்டு கையும் பத்திரமாக இருக்கின்றன; இருவரும் நண்பர்களாகக் கப்பலில் போகிறார்கள்.

ஆகவே இதை மூலக்கதைக்கு அடுத்த பிறவி என்று வகைப்படுத்துவதே முறை. அப்படிக் கொண்டால் 1940 பொருந்தும், புதுப்பல் பொருந்தும், முதலை வயிற்றுக்குள் போன ஹூக் முழுக்கையோடு வருவதும் பொருந்தும். பழைய பகைவர்கள் தோளில் கைபோட்டுக்கொள்வதற்கும் விளக்கம் தேட வேண்டாம். நாவலின் முடிவிலேயே பீட்டர் ஹூக் என்பவன் யாரென்று மறந்துவிட்டவன். மிஞ்சும் இடர்ப்பாடு கருந்தாடி மட்டும். சரித்திரக் கருந்தாடி 1718இல் இறந்துவிட்டான். படத்தில் அவன் தேவதைத் தூளை உறிஞ்சி இளமை குன்றாமல் இருக்கிறான். அப்படியானால் தன் கப்பலில் வேலை பார்த்த பழைய ஆளை எதிரே கண்டும் அவனுக்கு ஏன் அடையாளம் தெரியவில்லை? தூள் இளமையைத்தான் காக்கும், ஞாபகத்தைக் காக்காது என்று கொண்டால் அதுவும் தீர்ந்தது.