சாரல்ல எவனுக்குலே வேர்க்கும்?

வா மக்கா, உக்காரு. குத்தாலத்துக்குப் போறியாமே? நாலு பேரு, ரூம் போட்டாச்சு, சாரல் நல்லா விழுது, ஐந்தருவியில தண்ணி கொட்டு கொட்டுன்னு கொட்டுது. எல்லாம் தெரியும். எவன் சொன்னான்னு கேக்காத. வண்டி டிக்கியில பெரிய பாட்டிலா நாலு டயட் கோக் அடுக்கி வச்சிருக்கியே, அதுதான் சொல்லிச்சு. வெறும் கோக் குடிக்கதுக்கு எவனாவது குத்தாலத்துல ரூம் போடுவானா?

கதவைச் சாத்து. ஒங்க ஆச்சிக்கு வேண்டாத பேச்சுன்னா காது ரொம்ப நல்லா கேக்கும்.

பயப்படாத, வய்ய மாட்டேன். ஒனக்கு இருவத்திரண்டு ஆச்சு. சட்டமே இருவத்தொண்ணுக்கு மேல சரின்னு சொல்லுது. 2003-லேர்ந்து கவர்மெண்டே கல்லாவுல உக்காந்து சில்லறை வியாபாரம் பாக்கு. இதுல ஊடால வந்து வேண்டாம்னு சொல்ல நான் யாரு? குடிக்காம இருந்தா ஒசத்தி. இதை டாக்டரம்மாவும் சொல்லிட்டாவ, நானும் சொல்லிட்டேன், நீயும் தலையை ஆட்டிட்ட. மூணு பேரு கடமையும் முடிஞ்சுது. இனி நடக்கப்போறதைப் பேசுவோம்.

பதினோரு வயசுல ஒனக்கு டைப் ஒன்னு சுகர் வந்ததுலேர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு அலைஞ்சவன் நான். இந்தக் கெழவனுக்கு என்ன வெளங்கும்னு டாக்டரம்மா ஒன்கிட்டயே பேசுவாவ. நான் மேல சுத்துற ஃபேனைப் பாத்துக்கிட்டு அம்புட்டையும் கேட்டு வச்சிக்கிடுவேன். போன தடவை நீ வெளிய ஊசி வாங்கப் போன நேரத்துல, "பய குடிச்சா என்ன ஆகும்மா?"ன்னு நானே கேட்டுட்டேன். ஆமா, ஒன்னை நம்பித்தான்.

அவிய சொன்னதுல முக்காவாசி ஈரலைப் பத்தி. ஈரலுன்னா ரேஷன் கடைன்னு வச்சிக்கோ. நீ திங்காத நேரத்துலயும், தூங்குத நேரத்துலயும், ரத்தத்துக்குச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமா அளந்து விடுறது அவன்தான். சாராயம் உள்ள போச்சுன்னு வையி, மந்திரி வந்த மாதிரி. கடையைப் பூட்டிட்டு அவருக்கு மாலை போட ஓடிருவான். அந்த விஷத்தைக் கரைச்சு வெளிய தள்ளுற வரைக்கும் புதுசா சர்க்கரை பண்ணுற சோலி படுத்துக்கிடும். ஆனா நீ குத்தின இன்சுலின் இருக்கே, அது யாருக்கும் மாலை போடப் போகாது. அது பாட்டுக்கு இருக்கிற சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கும்.

இப்பக் கணக்குப் போடு. நீ இஞ்சினியரிங் படிச்சவன்லா. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கான். அப்ப உள்ள இருக்கிற சாராயம் மட்டும் சுமார் 60 கிராம். ஈரல் மணிக்கு ஏழுலேர்ந்து பத்து கிராம் வரைக்கும்தான் கரைக்கும், அதுக்கு மேல ஓவர்டைம் பாக்காது. ராத்திரி பத்து மணிக்கு நீ குவார்ட்டரை முடிச்சா, விடியுத வரைக்கும் ரேஷன் கடை பூட்டுதான். கடை தெறந்த பெறவும் சரக்கு ஏறி வியாபாரம் சீராக மறுநாள் மத்தியானம் ஆனாலும் ஆகும். ஒரு நாள் முழுக்கக்கூட சுகர் எறங்கி லோ வரலாம்னு சொன்னாவ. குடிக்கும்போது ஒண்ணும் ஆகலியேன்னு நெனைப்பே. ஒன் ஆட்டம் விடியக்காலத்துல மக்கா, பாட்டில் காலியாகி எல்லாவனும் குறட்டை விடும்போது.

அதுலயும் நீ எடுத்த எடம் பாரு, குத்தாலம். ஒனக்குன்னே கண்ணி வச்ச மாதிரி. காலையில மலை மேல நடப்பியோ? நடந்தா சுகர் எறங்கும். அருவியில ஒரு மணி நேரம் தலையைக் குடுத்துக்கிட்டு நிப்பே, அதுவும் எறக்கினாலும் எறக்கும். ஊடால எண்ணெய் தேய்க்கிறவன்கிட்ட மேலைக் குடுத்துட்டுப் படுத்திருவே. அவன் ஒன் தொடையில, நீ காலையில ஊசி குத்தின எடத்துலயே, ரெண்டு கையாலயும் பரோட்டா மாவு மாதிரிப் பெசைவான். பெசைஞ்சா அங்கன இருக்கிற இன்சுலின் வெரசா ரத்தத்துல கலந்திரும். அவனுக்கு என்ன தெரியும்? "இந்த எடத்தை விட்டுருங்கண்ணே"ன்னு நீதான் சொல்லணும். கையில ஒட்டியிருக்கிற அந்த வட்ட வில்லை, சென்சார், அதுவும் அருவி அடிக்கிற அடிக்குப் பிஞ்சாலும் பிஞ்சிரும். பழைய மெஷினும் ஸ்ட்ரிப்பும் கையில இருக்கட்டும். இன்சுலினைக் கார் டேஷ்போர்டுல போட்டு வெயில்ல காய வைக்காத. இப்படி மேலெல்லாம் களைச்சு, பசிச்சு, சுகர் பாதி எறங்கின பெறவு சாயங்காலம் மூடியைத் தெறப்பிய. வெறும் வயித்துல. நல்லா இருக்குலா திட்டம்?

அதனால மொதல்ல தின்னு. பார்டர் கடையில போயி புரோட்டாவும் கோழியும் தின்னுட்டு வந்து உக்காருங்க. சைடு டிஷ்னு ஒண்ணு வச்சிருப்பானுவளே, அவிச்ச முட்டை, காடை, ஊறுகா, மாங்கா கீத்து... அதுல எதுலயும் ஒனக்கு வேண்டிய மாவுச்சத்து கெடையாது. முட்டையை நம்பி மூணாவது ரவுண்டுக்குப் போகாத. இட்லியோ, தோசையோ, சோறோ கூட இருக்கணும்.

எம்புட்டுன்னு கேக்கியா? முப்பது மில்லி ரெண்டு. தண்ணியோ சோடாவோ ஊத்தி, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் போகட்டும். "என்னலே பொம்பளப்புள்ள மாதிரி"ம்பானுவ. சொல்லிட்டுப் போறானுவ, அவனுவளுக்குக் கணையம் வேலை செய்யுது, அதான் கொழுப்பு. பீருல மாவுச்சத்து உண்டு. குடிச்ச உடனே சுகர் ஏறும், பெறவு ராத்திரி அதே ஆளைக் குப்புறத் தள்ளும். ஸ்ப்ரைட் கலந்தாலும் அதே கூத்துதான். பன்னெண்டு மணிக்கு மெஷின்ல 240-ன்னு காட்டினதும் பதறிப்போயி ஊசிய எடுத்துக் குத்தினியோ, மூணு மணிக்கு யாரு ஒன்னை எழுப்புவா? ராத்திரி போடுற, ரொம்ப நேரம் நின்னு வேலை செய்யுற ஊசி வேற சங்கதி. அதை மட்டும் விட்டுராத. குடிச்சிருக்கேனே, சுகர் எறங்குமேன்னு அதை நிறுத்தினா, மறுநாள் ரத்தத்துல கீட்டோன்ங்கிற அமிலம் ஏறி ஆஸ்பத்திரியிலதான் ஒனக்கு அருவிக்குளிப்பு. ரெண்டு யூனிட் குறைக்கலாமா வேண்டாமான்னு கெளம்புறதுக்கு முன்னால டாக்டரம்மாவுக்கு ஒரு போனைப் போடு. வெக்கமா இருந்தா "ஒரு ஃப்ரெண்டுக்கு"ன்னு கேளு. அவிய சிரிச்சுக்கிடுவாவ, ஆனா பதிலைச் சொல்லிருவாவ.

படுக்கதுக்கு முன்னால குத்திப் பாரு. 100-க்குக் கீழ இருந்தா படுக்கப்பிடாது, தின்னுட்டு மறுபடியும் பாரு. 100-க்கும் 140-க்கும் நடுவுல இருந்தாக்கூட நாலு பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படு. மூணு மணிக்கு அலாரம்.

இம்புட்டும் ஒனக்குத் தெரியும். தெரியாத மாதிரி மூஞ்சியை வச்சிக்கிட்டு இருக்க. ஒனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? தூங்குறவன் நீதான?

நான் கேக்க வந்தது வேற. அந்த நாலு பேருல எத்தனை பேருக்கு ஒனக்குச் சுகர் இருக்குன்னு தெரியும்?

ஏன் தரையைப் பாக்க?

எனக்குத் தெரியும்லே. காலேஜ்ல நாலு வருஷம் பாத்ரூமுக்குள்ள போயி ஊசி குத்தினவன் நீ. ஓட்டல்ல எலை போட்டதும் "கை கழுவிட்டு வாரேன்"னு எந்திரிப்பே. பொண்ணு குடுக்க மாட்டானுவ, வேலையில ஒதுக்கிருவானுவ, பரிதாபப்படுவானுவ... சரி, ஒத்துக்கிடுதேன், ஊரு அப்படித்தான் இருக்கு. ஆனா நம்ம ஊரு ஞாயத்தைப் பாரு. குடிக்கிறதை வீட்டுக்குத் தெரியாம மறைக்கான், ஊசி போடுறதைக் கூட்டாளிக்குத் தெரியாம மறைக்கான். பாட்டில் டேபிள் மேல, மருந்து பாத்ரூமுக்குள்ள. எது உசுரைக் காப்பாத்துமோ அதுக்குத்தான் வெக்கம்!

லோ வந்தவன் எப்படி இருப்பான்? நாக்கு கொளறும். நடை தள்ளாடும். கேட்டதுக்குச் சம்பந்தமில்லாம பேசுவான், சில பேரு சண்டைக்குக்கூட வருவான். பெறவு சாஞ்சு படுத்திருவான். இப்ப சொல்லு, குவார்ட்டர் அடிச்சவன் எப்படி இருப்பான்? அதேதான். தெரியாத பய என்ன செய்வான்? "மச்சானுக்கு ஓவராயிருச்சு"ம்பான், போர்வையை இழுத்து மூடிவிடுவான், வாய்க்குள்ள ரெண்டு மொளகுபொடி சிக்கனைப் போட்டுக்கிட்டு லைட்டை அணைச்சிருவான். அவன் மேல குத்தம் சொல்ல முடியாது. பாசத்தோடதான் மூடியிருப்பான்.

அதுக்குத்தான் ஒரு அடையாளம் சொல்லுதேன், கேளு. குத்தாலத்துல சாரல் நேரத்துல ராத்திரி மூணு மணிக்கு ரூம் எப்படி இருக்கும்? ஜன்னல் இடுக்கு வழியா காத்து அடிக்கும், காயப்போட்ட துண்டு காலையிலயும் ஈரமாத்தான் கெடக்கும், எல்லாவனும் காலை மடக்கிப் போர்வைக்குள்ள சுருண்டு கெடப்பானுவ. அந்தக் குளிர்ல ஒருத்தனுக்கு மட்டும் பனியன் நனைஞ்சு, பிடரியில வேர்வை வழிஞ்சா, தொட்டா மேலு சில்லுன்னு பிசுபிசுன்னு இருந்தா, அது போதை இல்ல. சாரல்ல எவனுக்குலே வேர்க்கும்? லோ வந்தவனுக்குத்தான் வேர்க்கும். இதை ஒருத்தனுக்காவது சொல்லி வையி. வேர்க்காமலும் லோ வரும், அதனால சந்தேகம்னா விரல்ல குத்திப் பாக்கணும். குத்தத் தெரியலியா, சந்தேகத்தோட சந்தேகமா சர்க்கரையைக் குடுத்துர வேண்டியதுதான். ஒரு தடவை தப்பாக் குடுத்தா பெருசா ஒண்ணும் கெட்டுராது.

எந்தச் சர்க்கரைன்னும் சொல்லணும். ஒன் பக்கத்துல நாலு டயட் கோக் இருக்கு, நல்ல மனசோட எவனாவது அதை எடுத்து ஊத்துவான். அதுல சர்க்கரையே கெடையாதுலே! சாக்லேட்டு மெதுவாத்தான் வேலை செய்யும். குளுக்கோஸ் பொடி, இல்லைன்னா மூணு டீஸ்பூன் சீனி தண்ணியில கலக்கி, 70-க்குக் கீழ போனா 15 கிராம் குடுக்கணும், 15 நிமிஷம் கழிச்சு மறுபடியும் குத்திப் பாக்கணும். ஏறினதும் ரெண்டு பிஸ்கட்டு. இதெல்லாம் முழிச்சு, முழுங்குத ஆளுக்கு மட்டும். கூப்பிட்டுக் கண்ணு தெறக்கலைன்னா வாயில ஒரு சொட்டு ஊத்தப்பிடாது, பொறையேறிரும். ஒருச்சாய்ச்சுப் படுக்கப் போட்டுட்டு 108. "ஆம்புலன்ஸ் வந்தா குடிச்சது வீட்டுக்குத் தெரிஞ்சிரும்"னு எவனாவது யோசிச்சான்னா அவன் செவிட்டுல ஒண்ணு குடுக்கச் சொல்லு. வர்றவங்கிட்ட மொத வார்த்தையே "இவனுக்கு டைப் ஒன்னு, இன்சுலின் போடுறான், குடிச்சிருக்கான்"னு சொல்லணும். குளுக்ககான்னு ஒரு ஊசி உண்டு, ஈரல்ல இருக்கிற இருப்பை வெளிய தள்ளும். ஆனா பட்டினியும் குடியும் சேர்ந்தா ஈரல்ல இருப்பே இருக்காதே, எதைத் தள்ளும்? அதை நம்பிக்கிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடாம இருக்கப்பிடாது.

மறுநாள் வாந்தி எடுத்தா "ஹேங்ஓவர்"னு மோரைக் குடிச்சிட்டுக் கெடக்காத. சுகர் 250-க்கு மேல, வாந்தி நிக்கல, மூச்சு வாங்குது, வாயில பழ வாசனை அடிக்குதுன்னா அது கீட்டோன் சமாச்சாரம். நேரா தென்காசி ஆஸ்பத்திரி.

என்ன, கூட்டாளிககிட்ட எப்படிச் சொல்லுறதுன்னு முழிக்கியா? பெரிய கூட்டம் போட்டு அறிவிக்க வேண்டாம். ஒருத்தன் போதும். குடிக்காதவன் எவன்?

சுடலையா? வண்டி ஓட்டுறவன்லா. ஓட்டுறவன் ரத்தத்துல நூறு மில்லிக்கு முப்பது மில்லிகிராமுக்கு மேல இருந்தா கேசு, அதுக்குப் பயந்தாவது தொட மாட்டான். அவன்தான் சரியான ஆளு. போனை எடு. நான் பேசுதேன். ஏன், நான் சொன்னா மானம் போயிருமோ? நீயா சொல்ல இன்னும் நாலு வருஷம் ஆகும், குடு இங்க.

ஏலே சுடலை, தாத்தா பேசுதேன். ஒன் கூட்டாளிக்கு ஒரு விசயம் இருக்கு, பத்து வருஷமா பாத்ரூமுக்குள்ள வச்சிருந்தான், இப்ப ஹாலுக்குக் கொண்டுவாரேன்... என்னது? ஒனக்குத் தெரியுமா? எப்பலேர்ந்து? ரெண்டாம் வருஷத்துலேர்ந்தா? அவன் பேக்குல ஊசியைப் பாத்துட்டு, அவனா சொல்லட்டும்னு சும்மா இருந்தியா? அட மூதி, நீயும் அவனுக்கு ஏத்த கூட்டாளிதான்.

சரி, இனி சும்மா இருக்காத. சொல்லுறதைக் கேளு. சாரல்ல எவனுக்கு வேர்க்கும்? ஆங், அவனுக்கு. வேர்த்தா என்ன குடுப்பே? டயட் கோக்கா? இல்லலே, சீனித்தண்ணி! மறுபடியும் சொல்லு. முழிக்கலைன்னா? 108. சரி. ராத்திரி மூணு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு அவன் விரல்ல குத்தி, மெஷின்ல என்ன நம்பர் வந்துச்சுன்னு போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு. ஒனக்குப் பார்டர்ல ரெண்டு செட்டு புரோட்டா என் கணக்கு. எந்திரிக்க முடியாதுன்னு பொய் சொல்லாத. மூணேகாலுக்குப் போட்டோ வரலைன்னா மூணரைக்கு லாட்ஜ்காரன் ஒங்க ரூம் கதவைத் தட்டுவான். அவங்கிட்ட நேத்தே பேசிட்டேன்.