தட்டிப் பார்க்கும் மாமா

பாறையைக் கண்ட மாத்திரத்தில் குடையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் வளைந்த பிடியால் டொக், டொக் என்று தட்டிக் காதை ஒட்டவைத்துக் கேட்கும் கரமனை மாமாவை உங்களுக்குத் தெரியாமல் இராது. சாலைச் சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவர்கூட அத்தனை சிரத்தையோடு தட்டமாட்டார்.

இந்த உபாதை அவருக்குத் துருக்கி யாத்திரையில் பிடித்தது. கப்படோக்கியாவில் பாறையைக் குடைந்த மாதா கோயில்களின் சுவர்ச் சித்திரங்களை ஏனோதானோவென்று பார்த்துவந்தவரிடம், டெரிங்குயு என்னும் ஊரில் 1963-ஆம் ஆண்டு ஒருவர் தம் வீட்டுச் சுவரை இடிக்கப்போக, தொழுவமும் கிணறும் கோயிலும் உருட்டி அடைக்கும் வட்டக் கற்கதவுகளுமாக, 80 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள பாதாள நகரமே அதன் பின்னால் வெளிப்பட்ட வரலாற்றை எந்தப் புண்ணியவானோ சொல்லிவைத்தான். அன்றுமுதல் உலகத்துப் பாறைகள் சகலமும் மாமாவுக்குக் கதவுகளாகிவிட்டன.

விழிஞ்ஞத்துக் குகைக் கோயில், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று அறிஞர் சொல்லும் ஒரு சிற்றறைதான். வாயிலுக்கு ஒருபுறம் திரிபுராந்தகரையும் மறுபுறம் பார்வதியோடு நடனமிடும் சிவனையும் செதுக்கத் தொடங்கிய சிற்பி, இரண்டையும் முடிக்காமலே போய்விட்டான்; ஏன் போனான் என்று யோசித்துக்கொண்டு நிற்பதற்கே ஒரு பகல் போதாது. மாமாவோ ஆடும் சிவனுக்கு முதுகைக் காட்டியபடி, "ஓய், கேட்டீரா? உள்ளே பொள்ளல்!" என்று பரவசப்பட்டு, காவலர் ஓடிவந்து "மதி, சாரே!" என்று கைகூப்பும்வரை தட்டினார்.

சிதறால் மலையிலும் இதே கூத்துதான். அங்கே பாறையில் வரிசையாக வீற்றிருக்கும் தீர்த்தங்கரர்கள் அஹிம்சாமூர்த்திகள். பக்கத்துப் பொந்தில் வசித்த குளவிகள் அப்படியல்ல. மூச்சிரைக்க மலையேறிய நாங்கள் ஒரு சிற்பத்தைக்கூட நிதானமாகப் பார்க்காமல் இறங்கி ஓடினோம். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஓர் ஆயுட்காலத்தைச் செலவிட்டுச் செதுக்கியவன் முன்பக்கத்தில் வைத்துப்போனதைப் பாராமல் பின்பக்கத்தையே துழாவும் மனிதரோடு யாத்திரை போவது சுத்தத் தண்டனை.

ஆயினும் வீங்கிய முகத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்து, "குளவி உள்ளே போச்சு பாத்தீரா? அப்போ உள்ளே இடம் இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று அவர் கேட்டபோது கோபம் எங்கோ போய்விட்டது.

அக்கிரகாரத்தில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுச்சுவர். போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அந்தச் சுவரில் டொக், டொக். என் மனைவி தூக்கக் கலக்கத்தில் "யாரது?" என்றாள்.

அப்பாலிருந்து ஆனந்தக் கூச்சல் கேட்டது: "அடியே, ஓடி வா, உள்ளே ஆள் இருக்கு!"