மெஸ்கால் கலக்குபவர்

புரூக்ளினில் சனிக்கிழமை ராத்திரி யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், அந்த வீட்டில் மெஸ்கால் என்ற மெக்ஸிகோ சாராயத்தைக் கலக்கும் ஒருவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போவது உத்தமம். பகலில் ஏதோ ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர்தான். தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டால் ஆளே வேறு.

"என்ன குடிக்கிறீங்க?" என்பார். சும்மா மரியாதைக்கு. ஒஹாகா ஓல்ட் ஃபேஷண்ட் காக்டெயில் என்று அவர் நேற்றே முடிவு செய்துவிட்டார். இதே நியூயார்க்கில், டெத் அண்ட் கோ பாரில், 2007இல் ஃபில் வார்ட் உண்டாக்கியது. ரெபோசாடோ டெக்கீலா ஒன்றரை அவுன்ஸ், மெஸ்கால் அரை அவுன்ஸ், கற்றாழைப் பாகு ஒரு டீஸ்பூன், பிட்டர்ஸ் இரண்டு உதறல். நாலே சாமான். நாமாக இருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

அவர் மெஸ்கால் பாட்டிலை எடுத்து லேபிளைப் படிக்க ஆரம்பிப்பார். எஸ்பதின் ரகக் கற்றாழை முதிர ஏழெட்டு வருஷம். அதன் தண்டுக்கிழங்கை மண்குழியில் கல்லைச் சுடவைத்து, நாள்கணக்கில் மூடிப்போட்டு வேகவைப்பார்கள். புகை வாசனை அங்கேதான் ஏறுகிறது. எல்லாம் உண்மை. கேட்பவருக்குத்தான் அந்த ஏழெட்டு வருஷமும் கூடவே ஓடுகிறது.

அடுத்து ஐஸ். கண்ணாடி மாதிரி தெளிந்த ஒரே கட்டி. அதற்காக ஃப்ரீஸரில் மீனுக்கு இடமில்லாமல் போய்விட்டது என்பது அவர் மனைவியின் புகார். "குலுக்கலாமே?" என்று கேட்டுத் தொலைத்தீர்களோ, போச்சு. பழச்சாறு இருந்தால்தான் குலுக்கணும், வெறும் சாராயமென்றால் கலக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கலங்கிப்போகும் என்று பாடம் நடக்கும். முறுக்குக் காம்பு வைத்த நீளக் கரண்டி. அதன் முதுகு கிளாஸின் உள்சுவரை ஒட்டியே வழுக்கிக்கொண்டு சுற்றும். ஐஸ் சத்தம் போடக்கூடாது. நாமும்தான். நடுவில் ஸ்ட்ராவால் ஒரு துளி எடுத்துச் சப்பிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தண்ணி இறங்கணும்" என்று மறுபடி கலக்குவார்.

மெக்ஸிகோவின் ஒஹாகாவில் மெஸ்காலைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஆரஞ்சுத் துண்டும் புழு உப்பும் தொட்டுக்கொண்டு சும்மாவே உறிஞ்சுகிறார்களே என்றால், "அதுவும் சரிதான்" என்பார், கரண்டியை நிறுத்தாமல்.

கடைசியில் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து, அதன் எண்ணெய் தெறிக்கும்போது பற்றவைக்க வேண்டும். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது விரலைச் சுட்டது. மூன்றாவதில் வெற்றி. "புகை தெரியுதா?" என்று ஆவலாகக் கேட்கிறார். நன்றாகவே தெரிகிறது, பாதி கந்தகம்.

அடுத்த கிளாஸைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இன்னும் மூன்று பேர் இருக்கிறோம்.