பொதுத் தகவல் அலுவலர் சமுகத்துக்கு ஒரு விளக்கக் குறிப்பு

பெறுநர்: உயர்திரு பொதுத் தகவல் அலுவலர் அவர்கள் (அலுவலகத்தின் பெயர் மரியாதை கருதி விடப்படுகிறது).
பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 – பேவர் பிளாக் சாலை – எம்-புக் நகல் கோருதல் – தொடர்பாக.

தகவல் கோரும் மனு என்பது வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தரப்படும் காகிதம். எதற்கென்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது 6(2) பிரிவு. 30 நாளில் பதில் என்கிறது 7(1). ரெட்டியார்சத்திரம் பக்கம் இது நடக்கும் விதம், தைப்பூசக் காலத்தில் திண்டுக்கல்–பழனி சாலையைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். மனுவும் பாதயாத்திரைதான் போகிறது. ஆனால் சாலையில் நடப்பவர்கள் பழனிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

முதல் மண்டகப்படி தபால் பிரிவு. அங்கே சீல் விழுகிறது. அடுத்தது உதவியாளர் மேசை. அங்கே மனு இளைப்பாறுகிறது. பிறகு, "இவ்வலுவலகம் சார்ந்ததல்ல" என்ற பிரசாதத்தோடு வீடு திரும்புகிறது. வேறு அலுவலகத்துக்குரியதென்றால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும் என்ற 6(3) பிரிவு, யாத்திரிகர்களை அலைய வைப்பதன் புண்ணியம் அறியாதவர்கள் எழுதியது.

எம்-புக் என்பது தோண்டிய ஆழம், கொட்டிய ஜல்லி, பதித்த கல் எல்லாவற்றையும் அளந்து குறிக்கும் புத்தகம். அதை வைத்துத்தான் பில் பாஸாகிறது. அதன் நகல் கேட்ட மனுதாரருக்கு அண்மையில் ஓர் அற்புதம் நிகழ்ந்தது. எம்-புக் நகல் அவருக்கு வரவில்லை. அவருடைய மனுவின் நகல் காண்ட்ராக்டரைத் தரிசித்துவிட்டது. டீக்கடையில் அந்த ஜெராக்ஸைப் பிரித்து, கதவு எண், செல் நம்பர் உட்பட, அவர் எதிரிலேயே காண்ட்ராக்டர் உரக்கப் படித்தார். ஓர் எழுத்துப்பிழையில் நிறுத்திச் சிரித்தார், கடையும் சிரித்தது. பாதயாத்திரை மனு அன்றைக்கு மட்டும் பைக்கில் போயிருக்க வேண்டும்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? 2019-இல் பக்கத்துக் கரூர் மாவட்டம் முதலைப்பட்டியில், குள ஆக்கிரமிப்பை எதிர்த்து நீதிமன்றம் போன தந்தையும் மகனும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கேள்வி கேட்டவன் முகவரியை, யாரைப் பற்றிக் கேட்டானோ அவரிடமே எடுத்துக் கொடுப்பதற்குக் காட்டிக்கொடுப்பது என்று பெயர்.

சமுகம் பொறுத்தருள வேண்டும்; வெயில் அதிகம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பூர்வீகம் ராஜஸ்தான். கூலி வேலைக்காரர்கள் மஸ்டர் ரோலையும் பில்லையும் காட்டச் சொல்லி 1996-இல் பியாவரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். தமிழ்நாடு 1997-லேயே தனிச் சட்டம் போட்டது. அதில் தகவலைவிட விலக்குகளுக்கு இடம் தாராளம். 2005-இன் மத்தியச் சட்டமோ இன்னும் துணிந்து, போட்ட வேலையைப் பார்வையிடவும் பொருளின் மாதிரியை எடுத்துப் போகவும்கூட உரிமை தந்தது. கல்லைப் பெயர்த்து எடுத்துப் போகலாம் என்பதைக் காண்ட்ராக்டருக்கு யாரும் இன்னும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கவில்லை போலும்.

பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதே துறையின் மேலதிகாரியிடம். அங்கும் நடை சாத்தியிருந்தால் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம். அது தகவல் அலுவலரின் சொந்தப் பணம். கெடு தாண்டினால் நகலுக்குக் கட்டணமும் கிடையாது என்பது 7(6).

மனுதாரரின் முதல் மேல்முறையீடு பதிவுத் தபாலில் புறப்பட்டுவிட்டது. கூடவே புதிய மனு ஒன்றும் போகிறது: பழைய மனு பதிவான தன்பதிவேட்டுப் பக்கம், அதைக் கையாண்டவர்களின் பதவி, வெளியாளுக்கு நகல் கொடுக்க உத்தரவிட்ட குறிப்பு, அந்த நகலுக்கு வசூலித்த தொகையின் ரசீது.