பிரியாணியா, பிடித்தமா?

"தடுப்பூசி போட்டால்தான் கேட்டுக்குள்ளேயே விடுவேன்" என்கிறார் எங்கள் முதலாளி. என்ன செய்ய?

போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு உண்டா என்று கேளுங்கள். கேட்டுக்குள் அவருக்கும் கொஞ்சம் வியர்க்கட்டும். தினக்கூலிக்காரர் பலருக்குப் பயமே ஊசியைப் பற்றி இல்லை, போகிற அந்த ஒருநாள் கூலியைப் பற்றித்தான்.

ஊசி போடாதவன் பர்ஸில் கை வைக்கலாமா?

வைத்தார்களே! அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம், கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் இருந்துகொண்டு கொரோனா ஊசி போடாத ஊழியருக்கு மாதம் 200 டாலர் கூடுதல் கட்டணம் என்று 2021-ல் அறிவித்தது. வேலையை விட்டுத் தூக்குவதற்கு இது எவ்வளவோ தேவலை. யோசிக்க நேரம் கிடைக்கும். மாதாமாதம் ஞாபகப்படுத்தவும் ஆள் உண்டு.

பிரியாணி கொடுத்து ஊசி போட வைப்பது லஞ்சம் இல்லையா?

லஞ்சம் வாங்கியவன் கையிலேயே ஊசி குத்தும் ஆபீஸ் ஏதாவது உண்டா? 2021-ல் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் பிரியாணியோடு குலுக்கலில் தங்கக் காசும் வைத்தார்கள். அதே ஆண்டு தமிழக அரசு ஞாயிறு தடுப்பூசி முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. காரணம்? ஞாயிற்றுக்கிழமை கறியும் சரக்குமாக இருப்பவர்கள் ஊசிக்கு வரத் தயங்கினார்களாம்!