ஜலவாசம்

குழித்தறிக்குள் கால்களைத் தொங்கவிட்டே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட ஏனாத்தூர்ப் பட்டு நெசவாளர் ஒருவரின் புதல்வனும் மருமகளும், கரீபியன் கடலிலுள்ள பொனேர் தீவுக்குப் பிரயாணம் போய், முதுகில் காற்றுச் சிலிண்டரும் இடுப்பில் ஈயக்கட்டிகளும் சுமந்து, ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகிற சமுத்திரத்தின் அடியில் பவழப் பாறைகளைத் தரிசித்து மீண்ட வைபவத்தைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருந்தபோது, பெரியவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே, "எவ்வளவு நேரம்டா தண்ணிக்குள்ள இருந்தீங்க?" என்றார்.

"நாப்பத்தஞ்சு நிமிஷம்ப்பா."

1979-இல் அனந்தசரஸ் குளத்தடியில் சயனித்து, சிலிண்டரோ விசாவோ இல்லாமலே நாற்பது வருஷம் ஜலவாசம் செய்து, 2019-இல் எழுந்தருளி, 48 நாள் மட்டும் சேவை சாதித்துவிட்டு, நின்ற கூட்டத்தைச் சற்றும் பொருட்படுத்தாமல் மறுபடியும் நீருக்குள் போய்விட்ட அத்தி வரதரின் ஊர்க்காரருக்கு இந்தக் கணக்கு திருப்தி தருமா?

"அவ்வளவுதானா லீவு கொடுத்தான்?" என்று பரிதாபப்பட்டார், "நம்ம பெருமாள் இனி 2059-லதான் வருவார்."

பிரயாணக் கடனின் கடைசித் தவணையும் ஏறக்குறைய அப்போதுதான் தீரும் என்பதைப் பிள்ளை, மரியாதை கருதி, சொல்லாமல் விட்டான்.